இண்டிகாவுக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்தது யார்?

2000-களில் சென்னையில கால் டாக்சியில போனவங்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். சிக்னல்ல நிக்கும்போது கியர் கம்பி ஆடும். ஏசி போட்டுட்டு மேம்பாலம் ஏறினா வண்டி மூச்சு வாங்கும். டாட்டா இண்டிகா டீசல். இன்னைக்கு அந்தக் காருக்குள்ள மாறி மாறி வந்த எஞ்சின்களைப் பத்திப் பேசலாம். அதுல எது நிக்கணும், எது போகணும்ங்கிறதுல எஞ்சினியர்களோட சேர்ந்து டீசல் விலைக்கும், கோர்ட்டுக்கும், கலால் வரிக்கும் ஒரு பங்கு இருந்துச்சு.

1998 டிசம்பர் கடைசியில இண்டிகா வெளிவந்தது. ரத்தன் டாட்டா கேட்டது இதுதான்: ஜென் அளவு கார், உள்ளே அம்பாசடர் மாதிரி இடம், விலை மாருதி 800-க்குப் பக்கத்துல, ஓட்டுற செலவு டீசல் செலவு. அன்னைக்கு அரசு டீசல் விலையைக் கட்டுப்படுத்தி, பெட்ரோலை விட ரொம்பக் கீழே வச்சிருந்தது. லாரிக்கும் விவசாயத்துக்கும்னு வச்ச விலை அது. அதே பங்க்ல ஒரு சின்ன குடும்பக் காரும் போய் நின்னா? ஒரு லட்சத்துக்கும் மேல முன்பதிவு குவிஞ்சதுல ஆச்சரியமே இல்ல.

அந்த டீசல் எஞ்சினோட பேர் 475. பேரே ஜாதகம் மாதிரி: 4 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 75 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் மேலும் கீழும் போற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 79.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்க, 1,405 சிசி வரும். டர்போ கிடையாது. டீசல் நேரா சிலிண்டருக்குள்ள போகாம, பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன அறையில பத்திக்கிட்டு உள்ளே வரும். அதனால வெப்பம் கொஞ்சம் வீணாகும், காலையில ஹீட்டர் பிளக் சூடாகிற வரைக்கும் காத்திருக்கணும். சுமார் 53 குதிரைத்திறன்தான். ஆனா பம்பு முழுக்க மெக்கானிக்கல். லேப்டாப் இல்லாம, ஸ்பேனர் மட்டும் வச்சிருக்கிற மெக்கானிக் அதைப் பிரிச்சு மாட்டிடுவார். கடன்ல வண்டி எடுத்து ஓட்டுறவருக்கு, வண்டி ஷெட்ல நிக்கிற ஒவ்வொரு நாளும் தவணை ஏறிட்டே இருக்கும். அவர் கண்ணுல அந்த 53 பெரிய குறையாத் தெரிஞ்சிருக்காது.

முதல் அடி கோர்ட்டிலிருந்து வந்தது. 1999 ஏப்ரல்ல, டெல்லியோட காத்து மாசு வழக்குல, உச்ச நீதிமன்றம் யூரோ விதிகளை அவசரமா முன்னாடி கொண்டு வந்தது. யூரோ 2 தரத்துக்கு வராத தனியார் வண்டிகள்ல, டெல்லி வட்டாரத்துல மாசத்துக்கு 250 டீசல், 1,250 பெட்ரோல் மட்டும்தான் பதிவு செய்யலாம்னு உத்தரவு. கார் வந்து நாலே மாசம்! பத்தாததுக்கு முதல் வண்டிகளோட தரத்துல புகார்கள் வேற. 2000-01 நிதியாண்டுல டெல்கோவுக்கு 500 கோடி நஷ்டம். 2001-ல திருத்தி விட்ட வி2 தான் அந்தப் பேரைக் காப்பாத்துச்சு.

பெட்ரோல் கதை இன்னும் சுவாரசியம். பெட்ரோல் இண்டிகாவும் அதே 1,405 சிசி. 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைச்சாங்க. நிபந்தனை: டீசல்னா 1,500 சிசிக்குள்ள, பெட்ரோல்னா 1,200-க்குள்ள. டீசல் இண்டிகா கை வைக்காமலே உள்ளே வந்துடுச்சு. பெட்ரோல் 205 சிசியில வெளியே. அப்புறம் வந்த 1.2 எக்ஸெட்டாவோட கணக்கைப் பாருங்க: அதே 75 மில்லிமீட்டர் சிலிண்டர், ஸ்ட்ரோக்கை மட்டும் 67.5-ஆ வெட்டிட்டாங்க. 1,193 சிசி. வரிக் கோட்டுக்கு 7 சிசி உள்ளே. பட்ஜெட் பேச்சு ஒரு கிராங்க் ஷாஃப்டோட அளவை மாத்தின கதை இது.

2008-ல விஸ்டா. இதுல ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், குவாட்ராஜெட்ங்கிற பேர்ல வந்தது. ஸ்விஃப்ட் டீசல்லயும் அதே எஞ்சின்தான். ஓட்ட அது எவ்வளவோ நல்லா இருந்துச்சு, சந்தேகமே இல்ல. ஆனாலும் டாட்டா பழைய 1.4-ஐ டர்போவோட பக்கத்துலயே வச்சிருந்தது.

2010 ஏப்ரல்ல சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பிஎஸ் 4 வந்தது. பழைய 475 அந்த ஊர்கள்ல புதுசாப் பதிவாக முடியாது. அங்கே 1,396 சிசி காமன் ரயில் எஞ்சினோட இவி2. மத்த ஊர்களுக்கு அப்போ பிஎஸ் 3-யே போதுமா இருந்துச்சு.

2014 அக்டோபர்ல டீசல் விலைக்கட்டுப்பாடு முழுசா போச்சு. 2018-ல இண்டிகா தயாரிப்பு நின்னது.