சோபா வருவதற்கு முன்னாடி எதில் உட்கார்ந்தோம்?

பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை அதில் போட்டால் மிச்சம் இருப்பது நடக்கிற வழி மட்டும்தான். "சோபா வேண்டாம்னா வேற என்னங்க போடறது?" என்று கேட்பவர்களுக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார். வரலாறும் ஒரு பதில் வைத்திருக்கிறது. இருக்கைகளைப் பற்றி அவ்வப்போது எழுதி வைத்த குறிப்புகளை இங்கே சேர்த்துத் தருகிறேன்.

முதலில் சொல்லையே எடுத்துக்குவோம். 'ஸுஃப்பா' என்ற அரபுச் சொல்தான் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய் சோபா ஆனது. கிழக்கே அதற்குப் பொருள், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, விரிப்பும் மெத்தையும் போட்ட மேடை. கிட்டத்தட்ட நம்ம திண்ணை! திவான் கதை இன்னும் சுவாரஸ்யம். பாரசீகத்தில் அது பதிவேடு. பிறகு அந்த ஏடுகளை வைத்திருந்த அலுவலகம், ஆலோசனை மன்றம் என்று பொருள் விரிந்தது. கடைசியில் மன்றத்தின் சுவரோரம் இருந்த இருக்கைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் தலைமை அமைச்சரைக் குறித்த அதே சொல், இன்று நம் வீட்டில் கீழே பெட்டியும் மேலே மெத்தையுமாகக் கிடக்கிறது.

தமிழில் 'கட்டில்' என்ற சொல்லும் அப்படித்தான். சங்க காலத்தில் அது படுக்கை மட்டும் இல்லை, அரியணையும்கூட. 'அரசுகட்டிலில் துஞ்சிய' என்ற அடைமொழியோடு ஒரு பாண்டியன் நெடுஞ்செழியன் இருக்கிறான். முரசுக்கும் தனிக் கட்டில் உண்டு. அது தெரியாமல் அதில் படுத்துத் தூங்கிய புலவர் மோசிகீரனாரைத் தண்டிக்காமல், சேர மன்னன் விசிறி வீசினான் என்பது புறநானூற்றுச் செய்தி. மன்னனின் பெருந்தன்மைக்காக இதைச் சொல்கிறோம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது: தப்பான இடத்தில் படுத்தால் தலை போகலாம் என்பதுதான் விதி, அவர் பிழைத்தது விதிவிலக்கு. எதில் யார் இருக்கலாம் என்பது அன்றைக்கே பெரிய விஷயம்.

சாதாரண வீடுகளில் அரசாண்டது பாய். தாமிரபரணிப் பக்கத்துக் கோரையில் நெய்த பத்தமடைப் பாய், வசதிக்கேற்ப ஒரு பவானி ஜமக்காளம். பகலில் சுருட்டி மூலையில் நிற்கும், ஆள் வந்தால் விரியும், ராத்திரி படுக்கையாகும். அதே கூடம்தான் சாப்பிடும் இடமும் பிள்ளைகள் படிக்கும் இடமும். சின்ன இடத்தில் இத்தனையும் நடந்ததற்குக் காரணம், எந்தப் பொருளும் அங்கேயே நிரந்தரமாக நிற்காததுதான்.

பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் இதே தேவை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வட இந்தியாவின் ரூர்க்கியில் இருந்த ராணுவப் பொறியாளர்கள் பெயரால் ஒரு நாற்காலி வந்தது. ஆணி, பசை எதுவும் கிடையாது. கட்டைகளைச் செருகி, கான்வாஸ் துணியை வாரால் இழுத்துக் கட்டினால் நாற்காலி. பிரித்தால் ஒரு சின்ன மூட்டை. 1933இல் டென்மார்க்கின் கோரே கிளிண்ட் இதை ஒட்டித்தான் தன் சஃபாரி நாற்காலியை வடிவமைத்தார். மடித்துச் சுவரில் சாய்த்து வைக்கிற நம்ம ஈசி சேரும் இதற்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம்.

ஆனா பழசு எல்லாமே பொன் இல்லைங்க. ஈசி சேர் தாத்தாவுடையது. ஊஞ்சலில் மாமனார் இருக்கும்போது மருமகள் உட்கார முடியாது. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது என்று நாம் பெருமைப்படும் திண்ணை, எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் இடம் கொடுக்கவில்லை. இதெல்லாம் அந்தக் காலம் என்று தள்ளவும் முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளிவந்து, வழக்குப் பதிவானது.

அதனால்தான் பிளாஸ்டிக் நாற்காலியைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. 1972இல் பிரான்சில் ஆன்றி மாசொனே வடிவமைத்த, ஒரே வார்ப்பில் வரும் நாற்காலியின் வம்சம் அது. அழகு கம்மிதான். ஆனால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் கட்டலாம், விலையும் கட்டுப்படி. முக்கியமாக, எல்லா நாற்காலியும் ஒரே உயரம்.

ஆக, சின்ன ஹாலுக்கு என் பட்டியல் இதுதான்: சுவரோரம் பெட்டி வைத்த ஒரு திவான், ஒரு ஜமக்காளம், சாய்ந்துகொள்ள இரண்டு திண்டு, இரண்டு மடக்கு நாற்காலி. முட்டி வலிக்காரர்களுக்கு அந்த நாற்காலி கட்டாயம் வேண்டும், தரை அவர்களுக்குத் தண்டனை.

முன்னோரிடமிருந்து சுருட்டி வைக்கிற பழக்கத்தை எடுத்துக்குவோம், உட்கார வைக்கிற பழக்கத்தை விட்டுடுவோம். தரை என்றால் வீட்டுக்காரரும் தரையில். வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ சிலிண்டர் தூக்கி வரும் தம்பியோ ஒரு வாய் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தால், நாம் உட்காரும் அதே நாற்காலி. அதற்குத் தனியாக இடம் எதுவும் தேவையில்லை.