கஞ்சிரா ஏறிய மேடை

அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்துப் பூன் நகரில், 2005ஆம் ஆண்டு, பாஞ்சோ வாசிக்கும் கறுப்பின மக்களுக்கென ஒரு கூட்டம் கூடிற்று. அங்கே சந்தித்த இளைஞர் மூவர் ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்னும் இசைக்குழுவை அமைத்தனர். ஜோ தாம்சன் என்ற முதிய பிடில் கலைஞரின் வீட்டிற்கு நடையாய் நடந்து, பாட்டன்மார் இசையைக் கற்று, அதனை மேடைதோறும் முழங்கினர். அவர்களது இசைத்தொகுப்பு ஒன்று 2011இல் கிராமி விருதும் பெற்றது.

இதில் வியப்பென்ன என்பீர்! பாஞ்சோ வெள்ளையரின் கருவி என்றே எண்ணிப் பழகிவிட்ட நாடு அது. உண்மையோ வேறு. அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், சுரைக்குடுக்கையும் தோலும் கொண்டு ஆக்கிய கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் முகத்தில் கரி பூசி, அடிமையை எள்ளி நகையாடும் கூத்துக்கு அதனைக் கையிலெடுத்தனர். 1920களில் இசைத்தட்டு வணிகரோ வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியல், கறுப்பர் பாட்டுக்கு மற்றொரு பட்டியல் என வகுத்து விற்றனர். கருவி மேடையில் நிலைத்தது. ஆக்கியவன் பெயர் அழிந்தது.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்போர் புதுக்கோட்டைக்கு வரட்டும். பலாமரச் சட்டம், உடும்புத் தோல், கிலுங்கும் காசுகள்: கஞ்சிரா என்பது இவ்வளவே. பசனைக் கூட்டங்களில் ஒலித்த அந்த எளிய கருவியைக் கச்சேரிக்கு உரியதாக்கியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்கேற்றும் பணி பார்த்தவர் என்று இசையுலகம் வழிவழியாகச் சொல்லும். அவர் வழியில் வந்தவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936). பழனி முத்தையா பிள்ளையும் அவர் மாணவரே; முத்தையா பிள்ளையின் மகன்தான் புகழ்பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை. விளக்கேற்றிய கை ஒரு மரபையே ஏற்றி வைத்தது!

கஞ்சிரா ஏறிய மேடையில் பறை ஏன் ஏறவில்லை? தொல்காப்பியம் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. பிறகு எப்படி அது தெருமுனையில் நிறுத்தப்பட்டது? தோல் தீட்டு என்பர் வைதிகர். அவர்தம் மிருதங்கத்தில் இருப்பது பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் அன்றோ! அத்தோலைப் பதப்படுத்தி வார் இழுத்துக் கட்டியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள்; அவர்தம் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் நூலாகவே எழுதினார். தீட்டு தோலில் இல்லை, அடிக்கும் ஆளின் சாதியில் வைக்கப்பட்டது.

1943இல் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அப்போராட்டம் பாட்டின் மொழி பற்றியது, பறையைப் பற்றியதன்று. சாவு வீட்டில் அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை வெறுத்துப் பறையையே துறந்தவரும் உண்டு. அதுவும் தன்மானமே. அதே பறையை நிமிர்ந்து தோளில் மாட்டியவரும் உண்டு.

2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முறை மேடையேறியது. சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. அன்று கானாவும் கிடாரும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. புதுக்கோட்டைக் கஞ்சிரா கச்சேரிக்குப் போய் அப்போது நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.