பெயர் தெரியாதவர்களின் குழிகள்

1984-ம் ஆண்டின் தொடக்கம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி விழுந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இடுகாடுகளில் 'என்.என்.', அதாவது பெயர் தெரியாதவர் என்று மட்டும் குறித்துப் புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுக்க நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். காணாமல் போனவர்களைத் தேடி ஓய்ந்த குடும்பங்கள் காத்திருக்க, குழிகளில் புல்டோசர் இறங்கியது. மண்டையோடுகள் நொறுங்கின. ஒருவர் எலும்பு இன்னொருவர் எலும்போடு கலந்தது. எத்தனையோ கொலைகளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சியம் அப்படித்தான் பாழானது.

நிறுத்துங்கள் என்றவர்களில் முக்கியமானவர், அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ. அவரோடு குழியில் இறங்கியது ஒரு சிறு மாணவர் கூட்டம். ராணுவம் மறுபடி வந்தால் தங்கள் கதி என்னவாகும் என்று தெரிந்தே இறங்கினார்கள். அந்தத் துணிச்சலுக்கு வரலாறு இன்னும் போதிய இடம் தரவில்லை என்பேன்.

மேல்மண்ணுக்கு மட்டும்தான் மண்வெட்டி. எலும்பு தட்டுப்பட்டதும் சிறு கரண்டி, பிறகு தூரிகை. எதையும் அசைக்கும் முன் படம் எடுத்து அளந்துகொள்வார்கள். அள்ளிய மண்ணைச் சலித்தால் பல் கிடைக்கும், பொத்தான் கிடைக்கும், துப்பாக்கி ரவையும் கிடைக்கும்.

1985 ஏப்ரலில் ராணுவத் தளபதிகள் மீதான வழக்கில் ஸ்னோ சாட்சிக் கூண்டேறினார். ஓர் இளம்பெண்ணின் மண்டையோட்டைத் திரையில் காட்டினார். மோதலில் இறந்தவள் என்றிருந்தது ராணுவம். கிட்டத்தில் வைத்துச் சுடப்பட்டவள் என்றார் ஸ்னோ. கடத்தப்பட்டபோது அவள் கர்ப்பிணி. அவள் பிள்ளை பெற்றிருந்ததற்கான அடையாளம் இடுப்பெலும்பில் இருந்தது. அந்தக் குழந்தை எங்கே என்ற கேள்வியும் அன்றே நீதிமன்றத்தில் எழுந்துவிட்டது.

காணாமல் போன பிள்ளைகளைத் தேடிய மே சதுக்கத்துத் தாய்மார்கள் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசுசேனா வில்லாஃப்ளோரை 1977 டிசம்பரில் கடத்தினார்கள். சில நாட்களில் கடற்கரையில் ஒதுங்கிய உடல்கள், பெயரில்லாமல் புதைக்கப்பட்டன. 2005-ல் அந்த மாணவர்கள் உருவாக்கிய குழு அவரை அடையாளம் கண்டது. எலும்பு முறிவுகள், உயரத்திலிருந்து விழுந்ததற்குப் பொருந்தின. விமானத்திலிருந்து கடலில் தள்ளினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு உடலே ஆதாரமானது.

அதற்கு முன்பே, 1992-ல், அந்தக் குழு எல் சால்வடாரின் எல் மொசோட்டே கிராமத்துக்குப் போயிருந்தது. அங்கே ஒரு சிறு கட்டடத்தின் இடிபாட்டில் அவர்கள் எடுத்த 143 எலும்புக்கூடுகளில் 131 குழந்தைகளுடையவை. அடுத்த வாரம் அந்தக் கிராமத்துக்குப் போவோம்.

(தொடரும்)