பாழ்
ஆளொழிந்த கட்டடங்களைத் தேடிப் போய்ப் புகைப்படம் பிடிக்கும் விநோத வழக்கத்தை எங்கள் ரிஷிவந்தியத்து இளைஞர் சிலர் ‘அர்பன் எக்ஸ்ப்ளோரிங்’ என்று வழங்கக் கேட்டபோது, பாழ் என்னும் புராதனச் சொல் அவர்கள் நாவிலிருந்து எப்போது அகன்றது என்ற விசாரம் எனக்கு உண்டாயிற்று. பரிபாடலில் சுழியத்தையே குறித்த அச்சொல், குடியற்ற நிலத்துக்கும் இடிந்த மனைக்கும் உரியதாகி, முப்பாழ் எனச் சித்தர் மரபில் தத்துவ கம்பீரமும் பெற்று, இன்றோ ‘பாழாய்ப்போன மழை’ என்ற வசவாகச் சுருங்கிக் கிடக்கிறது. தெலுங்கில் அது ‘பாடு’, கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிந்து ‘ஹாளு’, ஆகவேதான் விஜயநகரத்தின் இடிபாடுகளை அங்கே ‘ஹாளு ஹம்பி’ என்பர். சிதிலம் என்ற வடசொல் இருக்கிறதே என்றால், அது ஆதியில் வெறும் தளர்ச்சியையே உணர்த்தியது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கூரையிழந்து சுவர் மட்டும் நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் கண்டவர் எவரும் அந்நிலையைத் தளர்ச்சி என்று சொல்லத் துணியார். இளைஞரின் அவ்வழக்கத்துக்குத் தமிழ்ப் பெயராக ‘பாழ்மனை உலா’ என்று நண்பர் ஒருவர் மொழிந்தார். உலா பவனி வரும் அரசர்க்கும் தெய்வங்களுக்கும் உரியதாதலால், அபசகுனம் என்று தாய்மார் முகம் சுளித்தாலும், ‘பாழ்மனை காண்டல்’ என்பதையே நான் சிபாரிசு செய்வேன்.