திரையில் எழுத்தை வரைவது யார்?

விசைப்பலகையில் நாம் 'கொ' என்று தட்டுகிறோம். கணினியின் நினைவகத்தில் பதிவாவன இரண்டே எண்கள்: ககரத்துக்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று. திரையிலோ கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள் வரிசையாக நிற்க வேண்டும். இந்த அடுக்கு வேலையைச் செய்பவர் யார்?

விண்டோஸ், மெக்கின்டாஷ், லினக்ஸ் மூன்றிலும் ஒரே நிரலை ஓடச் செய்யும் இடைமுக நூலகங்கள், இதை நெடுங்காலம் அந்தந்தத் தளத்திடமே ஒப்படைத்திருந்தன. 2002இல் ஜிடிகே 2.0உடன் வந்த 'பாங்கோ' அப்படிப்பட்டதே. 'பான்' என்றால் கிரேக்கத்தில் எல்லாம். 'கோ' என்றால் ஜப்பானியத்தில் மொழி. பெயர்தான் எல்லா மொழிக்கும் பொது. அடுக்கியவரோ விண்டோசில் யூனிஸ்கிரைப், மெக்கின்டாஷில் கோர்டெக்ஸ்ட். ஆகவே ஒரு திரையில் பெட்டிக்குள் அடங்கிய சொல் மற்றொன்றில் வெட்டுண்டது. கொம்பு இடந்தவறினால் நமக்குச் சொல்லே கெட்டுவிடும். ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லை.

தீர்வு பழைய நிரலொன்றிலிருந்து பிறந்தது. டேவிட் டர்னர் 1996இல் தொடங்கிய ஃபிரீடைப்பில், எழுத்தை அடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. பாங்கோவும் கியூட்டியும் அதைத் தனித்தனியே எடுத்து வளர்த்தன. பின்னர் இரண்டையும் சேர்த்து 'ஹார்ஃப்பஸ்' ஆக்கினார்கள்; பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதைப் புதிதாக எழுதினார். 2019இல் வந்த பாங்கோ 1.44 முதல், எல்லாத் தளங்களிலும் அடுக்குவது ஹார்ஃப்பஸ்தான்.

அடுக்கிய வடிவத்தைப் புள்ளிகளால் நிரப்பும் வேலை மட்டும் இன்றும் தளத்துக்குத் தளம் வேறுபடுகிறது. அதனால்தான் ஒரே 'கொ' ஓரிடத்தில் மெலிந்தும் மற்றோரிடத்தில் தடித்தும் நமக்குத் தெரிகிறது.