பதிப்புரிமைத் திருட்டுத் தடுப்புச் சட்டங்கள் (இந்தியா)

திரைப்படம், இசை, மென்பொருள் போன்ற படைப்புகளை உரிமையாளரின் அனுமதியின்றிப் படியெடுத்துப் பரப்புவதைத் தண்டிக்கும் சட்டங்கள். இவை மூவகைப்படும்.

பதிப்புரிமைச் சட்டம் (1957): 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கில் டிஜிட்டல் பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் தடை செய்யாத பயன்பாட்டுக்காக உடைப்பது குற்றமன்று. பூட்டுடைக்கும் கருவிகளின் விற்பனையையும் தடுக்கும் அமெரிக்காவின் 1998 சட்டத்தைவிட, இது நுகர்வோர் கருவிகளுக்கு நெகிழ்வானது.

திரைப்படச் சட்டம் (1952): 2023 திருத்தத்தின்படி, திரையரங்கில் அனுமதியின்றிப் படத்தைப் பதிவு செய்வோருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

மாநிலத் தடுப்புக்காவல் சட்டங்கள்: தமிழ்நாட்டின் 1982 குண்டர் சட்டம் 2004இல் திருட்டு வீடியோ குற்றத்துக்கும் விரிவாக்கப்பட்டது. கர்நாடகத்தின் 1985 சட்டத்தில், 2014இல் ‘டிஜிட்டல் குற்றவாளிகள்’ சேர்க்கப்பட்டனர். இரண்டிலும் காவல் 12 மாதம் வரை நீளலாம்.