சத்திரசிகிச்சைக்குப் பின் குமட்டல், வாந்தி: தடுப்பு

பொது மயக்கமருந்தின் கீழ் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் 24 மணித்தியாலத்தில் வரும் ஓங்காளமும் சத்தியும். தடுப்பு மருந்து இல்லாவிடில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வரும்.

ஆபத்துக் கணிப்பு: ஜெர்மானிய மயக்கமருந்து நிபுணர் கிறிஸ்டியன் அப்ஃபெல் குழுவினர் 1999இல் வகுத்த புள்ளிமுறையில் காரணிகள் நான்கு: பெண்ணாயிருத்தல், புகைக்காமை, முன்பு இவ்வாறு சத்தி வந்திருத்தல் அல்லது பயணக்குமட்டல், பின்னர் மோர்பின் வகை வலிநிவாரணி பெறுதல். ஒன்றுமில்லாதவருக்கு ஆபத்து சுமார் 10%. காரணிகள் கூடக்கூட 20, 40, 60, 80%. இலங்கையின் திருகோணமலையில் புகைக்கும் பெண்கள் மிக அரிது. ஆகவே பெண் நோயாளர் பெரும்பாலும் இரண்டு புள்ளிகளோடுதான் தொடங்குவார். மூதூர்ப் படகிலோ புறாத்தீவுப் பயணத்திலோ தலைசுற்றிச் சத்தி எடுப்பவருக்கு அது மூன்றாகும்.

தடுப்பு: மயக்கத்தின் தொடக்கத்தில் டெக்சாமெதசோன், முடிவில் ஒண்டான்செற்றோன் 4 மில்லிகிராம் ஊசி. 2004இல் வெளியான பெரிய ஆய்வில் டெக்சாமெதசோன், ஒண்டான்செற்றோன், டிரொபெரிடோல் ஆகிய ஒவ்வொன்றும் ஆபத்தை ஏறத்தாழ கால்பங்கு குறைத்தது. வாயு மயக்கமருந்துக்குப் பதில் ஊசிவழி மயக்கமருந்தான புரோபோபோல், நைற்றஸ் ஒக்சைட்டைத் தவிர்த்தல், இயன்றவிடத்து முதுகுத்தண்டு ஊசி, பரசிட்டமோலால் மோர்பின் தேவையைக் குறைத்தல் என்பனவும் உதவும்.

நோயாளர் கவனத்துக்கு: சத்திரசிகிச்சைக்கு முன் பொதுவாகத் திட உணவை 6 மணித்தியாலத்துக்கும், பால் கலவாத தெளிந்த பானத்தை 2 மணித்தியாலத்துக்கும் முன்பே நிறுத்த வேண்டும். பஸ்ஸிலோ படகிலோ சத்தி வரும் பழக்கம் இருந்தால் மயக்கமருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.